லூசில் பால்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பழைய அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களின் துண்டுக் காட்சிகளை நண்பர்கள் குழுவில் போடுவது என் பழக்கம். வேறு யாருடைய காட்சியைப் போட்டாலும் ஒரு சிரிப்புப் பொம்மையோடு முடிந்துவிடும். லூசில் பால் காட்சியைப் போட்டால் மட்டும் கேள்விகள் வரும், அதுவும் ஏறக்குறைய அதே கேள்விகள். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துப்போய் இங்கே தொகுத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

யாருங்க இந்த லூசில் பால்? சுருக்கமா சொல்லுங்க.

1950களில் அமெரிக்காவிலேயே அதிகம் பேர் பார்த்த தொலைக்காட்சி நடிகை. 1911 ஆகஸ்ட் 6 அன்று நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்தார். 1951 முதல் 1957 வரை சிபிஎஸ் அலைவரிசையில் ஓடிய ‘ஐ லவ் லூசி’ அவரை வீட்டுக்கு வீடு தெரிந்த முகமாக்கியது. கணவர் டெசி அர்னாஸோடு சேர்ந்து ‘டெசிலு’ என்ற தயாரிப்பு நிறுவனத்தை நடத்தினார். பிரிந்த பிறகு அதைத் தனியாக நடத்தினார். 1989 ஏப்ரல் 26 அன்று, 77ஆம் வயதில் இறந்தார்.

லூசிங்கறது அவங்க பேரா, கதாபாத்திரத்தோட பேரா?

இரண்டும்தான். ‘ஐ லவ் லூசி’யில் அவர் லூசி ரிக்கார்டோ. அடுத்த தொடரான ‘தி லூசி ஷோ’வில் லூசி கார்மைக்கேல், அதற்கடுத்த ‘ஹியர்ஸ் லூசி’யில் லூசி கார்ட்டர், கடைசியாக வந்த ‘லைஃப் வித் லூசி’யில் லூசி பார்க்கர். ஆக நான்கு தொடர்கள், நான்கு லூசிகள். நான்கு பேரும் ஏறக்குறைய ஒரே ஆள்தான். செய்யக்கூடாது என்று சொன்னதை உடனே செய்து மாட்டிக்கொள்பவள்.

நிஜ லூசில் பாலைத் தெரிந்தவர்கள், படப்பிடிப்புத் தளத்தில் அவர் கறாரானவர், அதிகம் சிரிக்காதவர் என்றே சொல்லியிருக்கிறார்கள். திரையில் பார்த்ததை வைத்து ஆளை எடைபோட வேண்டாம்.

வசதியான குடும்பமா? சினிமாப் பின்னணி ஏதாவது?

எதுவும் இல்லை. அப்பா தொலைபேசிக் கம்பி இழுக்கும் தொழிலாளி. லூசிலுக்கு மூன்று வயதாக இருக்கும்போது டைபாய்டு காய்ச்சலில் இறந்துபோனார். தம்பி அப்போது தாயின் வயிற்றில். வளர்ந்தது ஜேம்ஸ்டவுனை ஒட்டிய செலரான் என்ற ஏரிக்கரை ஊரில், தாத்தா பாட்டி வீட்டில். தாத்தா ஃப்ரெட் ஹன்ட்தான் பேத்தியை நாடகக் கொட்டகைகளுக்குக் கூட்டிப்போனவர். சோஷலிசம் பேசுகிற மனிதர். இந்தத் தாத்தாவைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு பெரிய வம்பில் வருவார்.

நடிப்புப் பள்ளியில "உனக்கு நடிப்பு வராது"ன்னு அனுப்பிட்டாங்களாமே, நிஜமா?

கிட்டத்தட்ட நிஜம். பதின்ம வயதில் நியூயார்க் நகரில் ஒரு நாடகப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே உடன் படித்தவர்களில் ஒருவர், பின்னால் ஹாலிவுட்டின் பெரிய நட்சத்திரமான பெட்டி டேவிஸ். ஒரு பருவம் முடிந்ததும், இந்தப் பெண்ணுக்குச் செலவழிப்பது வீண் என்று அம்மாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். கூச்சத்தில் வாயே திறக்கவில்லை என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போனவர் மறுபடி நியூயார்க் வந்து, ஹேட்டி கார்னகி என்ற ஆடை வடிவமைப்பாளரிடம் மாடலாக வேலை பார்த்தார். சிகரெட் விளம்பரத்திலும் முகம் காட்டினார். 1933இல் ஒரு படத்தில் கும்பலாக ஆடும் பெண்களில் ஒருத்தியாக ஹாலிவுட் போனவர், அங்கேயே தங்கிவிட்டார்.

சினிமாவுல ஏன் பெரிய ஸ்டாரா வரல?

படங்களுக்குக் குறைச்சலே இல்லை. ஆர்கேஓ ஸ்டூடியோவில் மாதச் சம்பள நடிகையாக ஆண்டுக்கணக்கில் இருந்தார். பிறகு எம்ஜிஎம். ஆனால் கிடைத்ததெல்லாம் கதாநாயகியின் தோழி, வாயாடிப் பெண், அல்லது குறைந்த செலவில் எடுத்த இரண்டாம் வரிசைப் படத்தின் நாயகி. ‘பி படங்களின் ராணி’ என்று அவரைச் சொன்னது பாதி பாராட்டு, பாதி குத்தல். 1942இல் ஹென்றி ஃபோண்டாவோடு நடித்த ‘தி பிக் ஸ்ட்ரீட்’டில் நல்ல பெயர் வாங்கினார், ஆனாலும் அது அவரை மேலே தூக்கவில்லை.

என் கருத்தைக் கேட்டால், ஸ்டூடியோக்களுக்கு அவரை எந்தப் பெட்டியில் வைப்பது என்று தெரியவில்லை. அழகாக இருப்பவள் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு வழுக்கி விழுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. எம்ஜிஎம்மில் இதைக் கவனித்தவர்களில் ஒருவர், அப்போது மவுசு போய் அங்கே ஓர் ஓரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பழைய மௌனப்பட நகைச்சுவை நட்சத்திரம் பஸ்டர் கீட்டன். பொருட்களை வைத்துச் சிரிக்க வைப்பது எப்படி, ஒவ்வொரு பொருளையும் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் கீட்டன்தான்.

அந்தச் சிவப்பு முடி நிஜமா?

பழுப்பு முடி. மாடலாக இருந்தபோது பொன்னிறம். எம்ஜிஎம்மில் 1943இல் வந்த ஒரு வண்ணப் படத்துக்காகச் சிவப்பாக்கினார்கள், அதையே வைத்துக்கொண்டார். மருதாணிக் கலவை கைகொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அவரைப் புகழுக்குக் கொண்டுபோன தொடர் முழுக்கக் கறுப்பு வெள்ளை. அந்தச் சிவப்பை ஜனங்கள் பத்திரிகை அட்டையிலும் சினிமாவிலும்தான் பார்த்தார்கள்.

டிவிக்கு எப்படி வந்தாங்க?

வானொலி வழியாக. 1948இல் சிபிஎஸ் வானொலியில் ‘மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்’ என்ற நகைச்சுவைத் தொடரில் நடிக்கத் தொடங்கினார். ஜெஸ் ஓப்பன்ஹைமர், மேடலின் பியூ, பாப் கேரல் ஜூனியர் என்ற மூவரும் அதன் எழுத்தாளர்கள். அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவரலாம் என்று சிபிஎஸ் கேட்டபோது, கணவனாக என் நிஜக் கணவரே நடிக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்.

டெசி அர்னாஸ் கியூபாவின் சாந்தியாகோவில் பிறந்தவர். இசைக்குழு நடத்துபவர், கனத்த ஸ்பானிய உச்சரிப்பு. 1940இல் ஒரு படப்பிடிப்பில் சந்தித்து, அந்த ஆண்டு நவம்பர் 30 அன்றே ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொண்டார்கள். அவர் ஊர் ஊராகக் கச்சேரி, இவர் ஹாலிவுட்டில் படப்பிடிப்பு. சேர்ந்து இருந்த நாட்கள் குறைவு, சண்டை அதிகம். 1944இல் விவாகரத்து மனு வரை போய்த் திரும்பினார்கள். ஒரே இடத்தில் சேர்ந்து வேலை பார்த்தால் குடும்பம் பிழைக்கும் என்பதுதான் லூசிலின் கணக்கு.

அமெரிக்கப் பெண்ணுக்குக் கியூபாக்காரக் கணவனா, யார் நம்புவார்கள் என்று அலைவரிசைக்காரர்கள் இழுத்தார்கள். நிஜமாகவே கணவன் மனைவியாக இருப்பவர்களைப் பார்த்து இப்படிக் கேட்டதுதான் கொடுமை. 1950இல் இருவரும் மேடை நிகழ்ச்சி ஒன்றைத் தயாரித்து ஊர் ஊராகப் போனார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். அதன் பிறகுதான் சிபிஎஸ் இறங்கிவந்தது. மாதிரி எபிசோட் 1951 மார்ச்சில் எடுக்கப்பட்டது, ஃபிலிப் மாரிஸ் சிகரெட் நிறுவனம் ஸ்பான்சராக வந்தது, அக்டோபர் 15 அன்று முதல் எபிசோட் ஒளிபரப்பானது. இடையில் ஜூலை 17 அன்று மகள் பிறந்திருந்தாள். இரண்டு மாதம்கூட ஆகாத குழந்தையை வைத்துக்கொண்டுதான் படப்பிடிப்பைத் தொடங்கினார்.

அந்தக் காலத்து டிவி நிகழ்ச்சியெல்லாம் மங்கலா இருக்கு, இது மட்டும் எப்படி இவ்வளவு தெளிவா இருக்கு?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. அன்றைக்குப் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலை. மற்ற பகுதிகளுக்குப் போக வேண்டுமென்றால், தொலைக்காட்சித் திரையின் எதிரே ஒரு பிலிம் கேமராவை வைத்துப் பிடித்து அந்தப் பிரதியை அனுப்புவார்கள். நீங்கள் சொல்லும் மங்கல் அங்கேதான் வருகிறது. ஸ்பான்சருக்குக் கிழக்குக் கரையில் படம் தெளிவாகத் தெரிய வேண்டும், வாடிக்கையாளர்களில் பெரும்பங்கு அங்கேதான். லூசில், டெசி தம்பதிக்கோ கலிபோர்னியாவை விட்டு நகர மனமில்லை. இரண்டுக்கும் நடுவில் கிடைத்த வழி, ஹாலிவுட்டிலேயே 35 மில்லிமீட்டர் சினிமா பிலிமில் எடுத்துப் பிரதிகளை அனுப்புவது.

பிலிமில் எடுத்தால் செலவு கூடும். அதில் ஒரு பங்கை ஈடுகட்டச் சம்பளத்தில் வாரம் 1,000 டாலர் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சரி, பதிலுக்கு எடுத்த பிலிம் எங்களுக்குச் சொந்தம் என்றார் டெசி. சிபிஎஸ் யோசிக்கவே இல்லை, கொடுத்துவிட்டது. ஒருமுறை ஒளிபரப்பான நிகழ்ச்சிக்கு மறுபடி என்ன மதிப்பு என்று நினைத்த காலம் அது. லூசில் பாலின் வாழ்க்கையில் திருப்புமுனை எது என்று கேட்டால், பலரும் ஏதாவது ஒரு நகைச்சுவைக் காட்சியைச் சொல்வார்கள். நான் இந்த ஒப்பந்த வரியைத்தான் சொல்வேன்.

அப்போ மூணு கேமரா முறையைக் கண்டுபிடிச்சது இவங்கதானா?

அப்படிப் பரவலாகச் சொல்லப்படுகிறது, சரியில்லை. அதற்கு முன்பே சில நிகழ்ச்சிகளைப் பல பிலிம் கேமராக்கள் வைத்து எடுத்திருக்கிறார்கள். இவர்கள் செய்தது, அதை ஒரு கதைத்தொடருக்கு, நேரில் பார்வையாளர்களை உட்கார வைத்து, வாராவாரம் செய்யக்கூடிய ஒழுங்கான வேலையாக மாற்றியது. இன்றுவரை ஸ்டூடியோவில் ஆட்களை வைத்து எடுக்கும் சிட்காம்கள் அந்த வழியில்தான் போகின்றன.

அதைச் சாத்தியமாக்கிய ஒளிப்பதிவாளர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் மௌனப்படக் காலத்தில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர்களில் ஒருவர், ஆஸ்கார் வாங்கியவர். சினிமாவில் ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கை மாற்றி மாற்றி வைப்பார்கள். இங்கே மூன்று கேமராவும் ஒரே நேரத்தில் ஓடும், மாற்ற நேரமே கிடையாது. அதனால் விளக்குகளை எல்லாம் மேலே தூக்கிக் கட்டி, எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் சமமாக விழும்படி செய்தார். அரங்கத்துக்குச் சாம்பல் நிறத்தின் பல சாயல்களில் பூச்சு அடிக்க வைத்தார். நடுக் கேமரா முழு அரங்கத்தையும் பிடிக்கும், பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் இரண்டும் முகங்களைப் பிடிக்கும்.

சிரிப்புச் சத்தம் ரெக்கார்ட் பண்ணி ஒட்டினதா?

‘ஐ லவ் லூசி’யில் கேட்பது நிஜ ஜனங்களின் சிரிப்பு. சுமார் 300 பேர் படிவரிசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். படப்பிடிப்புக்கு முன் டெசி வந்து பேசி அவர்களைக் கலகலப்பாக்குவார். லூசிலின் அம்மா தவறாமல் வந்து உட்காருவார். மகள் ஏதாவது வம்பில் மாட்டப்போகும் நேரத்தில் "அய்யய்யோ" என்கிற தொனியில் ஒரு பெண் குரல் சில எபிசோட்களில் கேட்கும். அது அந்த அம்மா.

எந்த எபிசோட்ல ஆரம்பிக்கலாம்?

1952 மே 5 அன்று ஒளிபரப்பான, லூசி தொலைக்காட்சி விளம்பரத்தில் நடிக்கும் எபிசோட். சத்து டானிக் ஒன்றை ஒவ்வொரு ஒத்திகையிலும் ஒரு கரண்டி குடித்துக் காட்ட வேண்டும். அதில் ஆல்கஹால் இருப்பது அவளுக்குத் தெரியாது. முதல் கரண்டியில் முகம் சுளிக்கிறாள். போகப் போகக் கரண்டி வாய்க்குப் போகும் வழி தவறுகிறது, டானிக்கின் நீளமான பெயர் நாக்கில் சிக்குகிறது, கடைசியில் கரண்டியை விட்டுவிட்டுப் புட்டியையே தூக்கிவிடுகிறாள். புட்டியில் நிஜமாக இருந்தது ஆப்பிள் பெக்டின். ஒரே வசனத்தை எத்தனை படிகளில் குலைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை.

அடுத்து, அதே ஆண்டு செப்டம்பர் 15 அன்று வந்த சாக்லேட் தொழிற்சாலைக் காட்சி. நகரும் பட்டையில் சாக்லேட் வரிசையாக வருகிறது. லூசியும் பக்கத்து வீட்டு எத்தெலும் ஒவ்வொன்றையும் தாளில் சுற்ற வேண்டும். ஒன்று தப்பினாலும் வேலை போய்விடும் என்று மேற்பார்வைக்காரி மிரட்டியிருக்கிறாள். பட்டை வேகமெடுக்க, தப்பியதையெல்லாம் வாயிலும் தொப்பியிலும் சட்டைக்குள்ளும் திணிக்கிறார்கள். திரும்பி வந்தவள் பட்டை காலியாக இருப்பதைப் பார்த்து, வேலை பிரமாதம் என்று நம்பி, இன்னும் வேகமாக விடச் சொல்கிறாள். இதே எபிசோடில் லூசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்லேட் முக்கும் பெண் நடிகை அல்ல, உண்மையிலேயே அந்த வேலை பார்த்தவர்.

இரண்டும் பிடித்திருந்தால் 1955இல் வந்த, நகைச்சுவை நடிகர் ஹார்ப்போ மார்க்ஸ் நடித்த எபிசோட், 1956இல் வந்த திராட்சை மிதிக்கும் எபிசோட். பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், கட்டாயம் ஒன்றும் இல்லை.

அவங்க நேச்சுரலாவே காமெடி பண்றவங்க, ஸ்பாட்ல அடிச்சு விடுவாங்க, அப்படித்தானே?

இல்லவே இல்லை. வாரம் முழுக்க ஒத்திகை பார்த்து, ஒரு மாலையில் பார்வையாளர் முன் நடித்து முடிப்பார்கள். எழுதியதை எழுதியபடி செய்கிறவர் லூசில். எழுத்தாளர்களில் ஒருவரான மேடலின் பியூ சில சாகசங்களைத் தானே முதலில் செய்து பார்த்து, ஒரு பெண்ணால் செய்ய முடியும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் கதையில் சேர்ப்பாராம். கீட்டனிடம் கற்றது இங்கேதான் தெரியும்: கரண்டி, தொப்பி, தாள் எல்லாவற்றையும் கைக்குப் பழகும்வரை விடமாட்டார். வேடிக்கையான ஆட்கள் என் எழுத்தாளர்கள்தான் என்ற பொருளில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அது அடக்கத்துக்குச் சொன்னது என்று நான் நினைக்கவில்லை.

நிஜமாவே கர்ப்பமா இருக்கும்போது நடிச்சாங்களா? அந்தக் காலத்துல விட்டாங்களா?

1952இல் இரண்டாவது குழந்தை வயிற்றில். தொடரை நிறுத்துவதா, மேசைக்கும் நாற்காலிக்கும் பின்னால் நிற்க வைத்து மறைப்பதா என்று பேச்சு வந்தது. லூசியும் கர்ப்பம் என்று கதையிலேயே எழுதிவிடலாம் என்று இவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். சிபிஎஸ் ஒத்துக்கொண்டது, ஆனால் கர்ப்பம் என்பதற்கான நேரடி ஆங்கிலச் சொல்லை யாரும் வாயால் சொல்லக்கூடாது. அதனால் பிரெஞ்சுச் சொல்லை எபிசோடின் தலைப்பில் வைத்தார்கள். ஒரு கத்தோலிக்கப் பாதிரியார், ஒரு புராட்டஸ்டன்ட் போதகர், ஒரு யூத ரபி மூவரும் கதையைப் படித்துப் பார்த்து ஆட்சேபம் இல்லை என்றார்கள்.

லூசி ரிக்கார்டோ பிரசவத்துக்குப் போகும் எபிசோட் 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது. முன்கூட்டியே எடுத்து வைத்தது. அதே நாளில்தான் லூசில் பாலுக்கு அறுவைச் சிகிச்சை மூலம் மகன் பிறந்தான். சுமார் 4 கோடியே 40 லட்சம் பேர் அன்று பார்த்தார்கள். மறுநாள் ஐசனோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் சுமார் 2 கோடியே 90 லட்சம். அந்த ஏப்ரலில் நாடு முழுவதற்குமாக முதன்முதலில் வந்த ‘டிவி கைடு’ இதழின் அட்டையில் இருந்ததும் அந்தக் குழந்தைதான்.

இன்னொரு விளைவும் உண்டு. பிரசவ ஓய்வில் புது எபிசோட் எடுக்க முடியாத வாரங்களில் பழைய எபிசோட்களையே போட்டார்கள், ஜனங்கள் முகம் சுளிக்காமல் பார்த்தார்கள். மறுஒளிபரப்பில் காசு இருக்கிறது என்று பலருக்கும் புரிந்தது அப்போதுதான். பிலிம் யாருக்குச் சொந்தம் என்பதை மேலே படித்தீர்கள்.

கம்யூனிஸ்ட்னு மாட்டிக்கிட்டாங்களாமே?

தாத்தாவை நினைவில் வைக்கச் சொன்னேனே. 1936இல் அந்தத் தாத்தாவின் மனம் கோணக்கூடாது என்று, வாக்காளர் பதிவில் கம்யூனிஸ்ட் கட்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் லூசில். கம்யூனிச வேட்டை உச்சத்தில் இருந்த 1953 செப்டம்பரில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவின் ஆள் முன் மூடிய அறையில் இதைச் சொன்னார். விடுவித்துவிட்டார்கள். ஆனால் வானொலி வம்பர் வால்டர் வின்செல் காதுக்கு விஷயம் போய், பத்திரிகைகளில் பெரிய தலைப்பாக வந்தது.

அந்த வாரப் படப்பிடிப்புக்கு முன் டெசி பார்வையாளர்களிடம் போய் நடந்ததைச் சொன்னார். லூசியிடம் சிவப்பாக இருப்பது முடி ஒன்றுதான், அதுவும் அசல் இல்லை என்று முடித்தார். எழுந்து நின்று கைதட்டினார்கள். ஸ்பான்சர் விலகவில்லை, பார்வையாளர்களும் குறையவில்லை.

இதைத் துணிச்சல் கதையாக மட்டும் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. நாட்டின் முதலிடத் தொடரின் நாயகி என்பதால் மன்னிப்பு எளிதாகக் கிடைத்தது. இதைவிடச் சின்னக் காரணங்களுக்குக் கறுப்புப் பட்டியலில் விழுந்து, ஆண்டுக்கணக்கில் வேலை இல்லாமல் போன எழுத்தாளர்களும் நடிகர்களும் அதே ஊரில் இருந்தார்கள்.

ஃப்ரெடும் எத்தெலும் நிஜத்துல பேசிக்கவே மாட்டாங்களாமே?

பக்கத்து வீட்டுத் தம்பதியான ஃப்ரெடாக நடித்த வில்லியம் ஃப்ராலிக்கும் எத்தெலாக நடித்த விவியன் வான்ஸுக்கும் ஆகவே ஆகாது. அவருக்கும் இவருக்கும் இருபது வயதுக்கு மேல் வித்தியாசம். இந்தக் கிழவருக்கு என்னை மனைவியாகப் போட்டால் யார் நம்புவார்கள் என்று வான்ஸ் சொன்னது ஃப்ராலி காதில் விழுந்துவிட்டது, அதோடு சரி. திரையில் அந்தக் கடுப்பு நன்றாகவே வேலை செய்தது. துணை நடிகைக்கான எம்மி என்ற தொலைக்காட்சி விருதை 1954இல் வாங்கியவர் வான்ஸ்.

முதலிடத்துல ஓடிக்கிட்டிருந்த தொடரை ஏன் நிறுத்தினாங்க?

களைப்பு. ஆறு பருவங்கள், 180 எபிசோட்கள், அதில் நான்கு பருவங்கள் முதலிடம். 1957 மே மாதம் அரை மணித் தொடரை முடித்துக்கொண்டு, அவ்வப்போது வரும் ஒரு மணி நேர நிகழ்ச்சியாக மாற்றினார்கள். பதின்மூன்று வந்தன. டெசிக்கு நிறுவன வேலையும் குடியும் சேர்ந்து ஏறின, வேறு பெண்களோடு தொடர்பும் இருந்தது. கடைசி நிகழ்ச்சியை 1960 மார்ச் 2 அன்று எடுத்தார்கள். மறுநாள் லூசில் விவாகரத்து மனு போட்டார். அந்தக் கடைசி நிகழ்ச்சியின் இறுதிக் காட்சியில் கணவனும் மனைவியும் சமாதானமாகி முத்தமிட்டுக்கொள்கிறார்கள்.

பிரிந்த பிறகு பகை இல்லை. லூசில் 1961இல் கேரி மார்ட்டன் என்ற நகைச்சுவைக் கலைஞரை மணந்தார், டெசியும் மறுமணம் செய்தார். 1986 டிசம்பரில் வாஷிங்டனின் கென்னடி மையம் லூசிலைக் கௌரவித்தபோது, ‘ஐ லவ் லூசி’ என்பது வெறும் தலைப்பாக என்றைக்கும் இருந்ததில்லை என்று டெசி எழுதியிருந்ததை மேடையில் வாசித்தார்கள். அதற்குச் சில நாட்கள் முன்புதான் டெசி இறந்திருந்தார்.

எபிசோட்களை வித்துட்டாங்கன்னு படிச்சேன். அவ்வளவு போராடி உரிமை வாங்கிட்டு வித்தது முட்டாள்தனம் இல்லையா?

மறுஒளிபரப்பு உரிமையை சிபிஎஸ்ஸுக்கே 40 லட்சம் டாலருக்கு மேல் விற்றார்கள். எந்த நிறுவனம் சும்மா தூக்கிக் கொடுத்ததோ அதுவே காசு கொடுத்துத் திரும்ப வாங்கியது. அதன் பிறகு உலகம் முழுக்க ஓடிய ஓட்டத்தைக் கணக்குப் போட்டால் விற்றது நஷ்டம்தான்.

ஆனால் 1957இல் கையில் ரொக்கம் வேண்டியிருந்தது. ஆர்கேஓ ஸ்டூடியோ விற்பனைக்கு வந்தது, 61 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு டெசிலு வாங்கியது. லூசில் மாதச் சம்பள நடிகையாக இருந்த அதே ஆர்கேஓ. வெறும் எபிசோட்களை வைத்துக்கொண்டிருந்தால் ஒரு நல்ல வருமானம் வந்திருக்கும். ஸ்டூடியோவை வாங்கியதால் மற்றவர்களின் தொடர்களும் இவர்கள் தளத்தில் எடுக்கப்பட்டன, சொந்தத் தயாரிப்புகளும் பெருகின. எனக்கென்னவோ நல்ல வியாபாரமாகத்தான் தோன்றுகிறது.

ஸ்டார் ட்ரெக்குக்கும் இவங்களுக்கும் என்ன சம்பந்தம்? மீம் மாதிரி இருக்கு.

மீம் இல்லை. 1962 நவம்பரில் டெசியின் பங்கைச் சுமார் 25 லட்சம் டாலருக்கு வாங்கி, டெசிலுவின் தலைவரானார் லூசில். அவர் நிர்வாகத்தில்தான் ‘ஸ்டார் ட்ரெக்’, ‘மிஷன் இம்பாஸிபிள்’ இரண்டும் தயாராயின. ‘ஸ்டார் ட்ரெக்’கின் முதல் மாதிரி எபிசோடை என்பிசி அலைவரிசை நிராகரித்தது, இரண்டாவதாக ஒன்று எடுக்கச் சொன்னது. இவ்வளவு செலவு நமக்குத் தாங்காது என்று டெசிலுவின் கணக்குப் பார்ப்பவர்கள் எதிர்த்தார்கள். லூசில் செய்யலாம் என்றார். 1966 செப்டம்பர் 8 அன்று ‘ஸ்டார் ட்ரெக்’ ஒளிபரப்பாகத் தொடங்கியது.

அவர் விண்வெளிக் கதை ரசிகை என்று நினைத்துவிடாதீர்கள். ராணுவ வீரர்களை மகிழ்விக்க ஊர் ஊராகப் போகும் கலைஞர்களைப் பற்றிய தொடர் என்றுதான் அவர் முதலில் நினைத்திருந்தார் என்று, அப்போது டெசிலுவில் அதிகாரியாக இருந்த ஹெர்ப் சோலோ பின்னாளில் சொல்லியிருக்கிறார். கதையை அறிந்து எடுத்த முடிவைவிட, கதையை அறிந்தவர்களை நம்பி எடுத்த முடிவு இது. முதலாளிக்கு அதுதான் வேலை. 1967இல் 1 கோடியே 70 லட்சம் டாலருக்கு டெசிலுவை கல்ஃப் அண்ட் வெஸ்டர்ன் குழுமத்துக்கு விற்றார். அது பாராமவுண்ட் தொலைக்காட்சியோடு கலந்துவிட்டது.

"ஹாலிவுட்டின் முதல் பெண் ஸ்டூடியோ முதலாளி"ன்னு போடறாங்களே, சரிதானா?

தொலைக்காட்சி என்று சேர்த்துச் சொன்னால் சரி. பெரிய தொலைக்காட்சி ஸ்டூடியோ ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் பெண் அவர். சினிமா என்று எடுத்தால், 1919இலேயே யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் நடிகை மேரி பிக்ஃபோர்டு இருக்கிறார்.

பிறகு என்ன ஆச்சு? ‘ஐ லவ் லூசி’க்கு அப்புறம் எதுவும் தெரியலையே.

1960 டிசம்பரில் பிராட்வேயில் ‘வைல்ட்கேட்’ என்ற இசை நாடகம். உடம்பு ஒத்துழைக்காமல் அடுத்த ஆண்டே முடிந்தது. 1962 முதல் 1968 வரை ‘தி லூசி ஷோ’, அதற்காக 1967, 1968 இரண்டு ஆண்டும் எம்மி. 1968 முதல் 1974 வரை ‘ஹியர்ஸ் லூசி’, அதில் நிஜ மகளும் மகனும் கூடவே நடித்தார்கள். 1974இல் வந்த ‘மேம்’ இசைப்படம் சரியாகப் போகவில்லை. 1985இல் வீடற்ற மூதாட்டியாக ஒரு தொலைக்காட்சிப் படத்தில் நடித்தார்.

1986இல் ‘லைஃப் வித் லூசி’. 75 வயதில் மறுபடி ஏணியிலும் தண்ணீரிலும் விழுகிற லூசியைப் பார்த்து ஜனங்களுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. பதின்மூன்று எடுத்து, எட்டு மட்டும் ஒளிபரப்பாகி நின்றுபோனது. அவரை அது நொறுக்கிவிட்டது. நான் சிலவற்றைப் பார்த்தேன், மற்றவற்றைத் தேடிப் பார்க்கும் ஆசை வரவில்லை.

இன்னிக்குப் பார்த்தா பிற்போக்கா இல்லையா? புருஷன் பர்மிஷன் கேட்டுக்கிட்டே இருக்காங்க.

உண்மைதான். டெசி நடித்த கணவன் ரிக்கி வீட்டுச் செலவுக்குக் காசு எண்ணிக் கொடுக்கிறான், மனைவி வேலைக்குப் போகக்கூடாது என்கிறான், சில எபிசோட்களில் குழந்தையை அடிப்பது மாதிரி அவளை மடியில் போட்டு அடிக்கிறான். அதைப் பார்க்கும்போது நெளியத்தான் வேண்டியிருக்கிறது, நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை.

ஆனால் கதை யார் பக்கம் நிற்கிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு வாரமும் வீட்டை விட்டு வெளியேறப் பார்ப்பவள் அவள், மேடை ஏறத் துடிப்பவள் அவள், அரை மணி நேரமும் நம் கண் அவள் மேல்தான். அவள் தோற்கிற வரைக்கும் ஜனங்கள் அவள் ஜெயிக்க வேண்டும் என்றுதான் பார்த்தார்கள். கேமராவுக்கு இந்தப் பக்கம், அந்தப் பாவப்பட்ட இல்லத்தரசியாக நடித்தவர் நிறுவனத்தின் பங்குதாரர்.

நிக்கோல் கிட்மன் நடிச்ச படத்துல காட்டினது எல்லாம் உண்மையா?

2021இல் வந்த ‘பீயிங் தி ரிக்கார்டோஸ்’. சம்பவங்கள் நடந்தவை, ஒரே வாரத்தில் நடக்கவில்லை. கர்ப்பச் செய்தி 1952இல், கம்யூனிஸ்ட் விவகாரம் 1953 செப்டம்பரில், டெசியின் பெண் தொடர்பு பற்றிப் பத்திரிகையில் கட்டுரை வந்தது 1955இல். மூன்றையும் ஒரே வாரத்துக்குள் அடைத்துவிட்டார்கள். பார்வையாளர் முன்னிலையில் எஃப்பிஐ தலைவருக்குத் தொலைபேசி போடும் காட்சி கற்பனை. அன்று டெசி நிஜமாகப் பேசியதை மேலே கம்யூனிஸ்ட் கேள்விக்கான பதிலில் எழுதியிருக்கிறேன்.

ஊர்ல ஒரு பயங்கரமான சிலை வெச்சாங்களாமே?

செலரானில் 2009இல் வைத்த வெண்கலச் சிலை. ஒரு கையில் சத்து டானிக் புட்டி, மறு கையில் கரண்டி, முகம் மட்டும் பேயறைந்த மாதிரி. இணையத்தில் அதற்கு ‘பயமுறுத்தும் லூசி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2016இல் அவருடைய பிறந்தநாளன்று வேறொரு சிற்பி செய்த புதுச் சிலையைத் திறந்தார்கள். பழையதை உருக்கிவிடவில்லை, அதையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்பதால் அதே பூங்காவில் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டார்கள்.